அந்த எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

குற்றாலம், தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை வட்டாரத்தில் லாட்ஜ், காட்டேஜ், மெஸ், பழக்கடை, எண்ணெய்க்கடை நடத்துகிற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் உங்கள் கல்லாவுக்கு எதிரே ஒரு தம்பி வந்து உட்காருவார். கையில் லேப்டாப்பும் நாலு பக்கம் பிரிண்ட் எடுத்த தாளும் இருக்கும். ‘சாரல் விழுறதுக்கு முன்னாடி உங்க வெப்சைட்டை கூகுள்ல முதல் பக்கத்துக்குக் கொண்டாந்துருவோம் சார்’ என்பார். தாளின் இடது பக்கம் தேடுசொற்கள். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், பச்சையிலோ ஆரஞ்சிலோ சிவப்பிலோ. தலைப்பில் ‘கீவேர்டு டிஃபிகல்ட்டி’ என்று போட்டிருக்கும். பச்சையில் இருப்பதைத் தொட்டுக்காட்டி, ‘இது ரொம்ப ஈஸி, டிஃபிகல்ட்டி வெறும் 6தான்’ என்பார். அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் அளந்தார்கள் என்று நீங்கள் கேட்பதில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை அளவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ஒரு வருடப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள்.

அந்த எண்ணைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். நான் இலஞ்சிக்காரி. சென்னையில் ஒன்பது வருடம் இந்தத் தாள்களைத் தயாரிக்கிற வேலைதான் பார்த்தேன். பச்சை எண்ணைத் தேடி எடுத்து மேலே வைப்பதும் என் வேலையாக இருந்தது. அந்தத் தாள் எந்த ஊரில், எந்தக் கடையில் போய் விரியும் என்று அன்றைக்கு நான் யோசித்ததே இல்லை. என் மாமாவின் மேஜைமேல் அப்படி ஒரு தாளைப் பார்த்த அன்றுதான் உறைத்தது.

மாமாவுக்கு ஐந்தருவி ரோட்டில் எட்டு ரூம் கொண்ட லாட்ஜ். மருமகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டார். ஆனி போனது, ஆடி போனது. லாட்ஜ் நிரம்பத்தான் செய்தது. ஆனால் எப்போதும்போல் ஆட்டோக்காரத் தம்பிகள் கூட்டிவந்த ஆட்களால். கூகுளில் பார்த்து வந்தோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆவணியில் நான் ஊருக்கு வந்து அந்த வெப்சைட்டைத் தோண்டிப் பார்த்தேன். செருப்பு விற்கிற, கார் பாகம் விற்கிற, சூதாட்டம் நடத்துகிற வெளிநாட்டுத் தளங்களிலிருந்து மாமாவின் எட்டு ரூம் லாட்ஜுக்கு லிங்க் கொடுத்திருந்தார்கள். அவர்கள் செய்த வேலை அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கும் லிங்க்கை ஏமாற்றாகத்தான் கூகுள் வைத்திருக்கிறது; 2012இல் ‘பெங்குவின்’ என்று பெயர் வைத்து ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்ததே இப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளத்தான். மாமாவின் பணம் மாமாவுக்கே கேடாகத் திரும்பியிருக்கலாம்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மாமாவிடம் காட்டிய தாளிலும் ஒரு சொல்லுக்கு 6 என்றுதான் இருந்தது; அந்த 6 பொய்யில்லை. இந்த எண்ணைத் தருகிற கருவியில் நானே போட்டுப் பார்த்தேன், 6தான் வந்தது. எண் சரியாக இருந்தும் மாமா ஏமாந்தார். அது எப்படி என்று நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

கூகுள் இப்படி ஓர் எண்ணை யாருக்கும் தருவதில்லை. சிங்கப்பூரிலிருந்து இயங்கும் ஏஹ்ரெஃப்ஸ், அமெரிக்காவின் மோஸ், செம்ரஷ் போன்ற நிறுவனங்கள் தாங்களே இணையத்தைச் சுற்றி வந்து, தங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் போட்ட கணக்கு இது. கூகுளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. ஏஹ்ரெஃப்ஸின் கணக்கு எளிமையானது. ஒரு சொல்லைத் தேடினால் முதலில் வரும் பத்துப் பக்கங்களை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கங்களுக்கு எத்தனை வேறு வேறு தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன என்று எண்ணுவார்கள். அதை 0 முதல் 100 வரையிலான அளவில் பொருத்துவார்கள். அந்த அளவும் ஒரே சீராக ஏறுவதில்லை. அவர்களே தந்த விளக்கப்படி 10 என்றால் சுமார் 10 தளங்களின் லிங்க் தேவைப்படும். 50 என்றால் 80க்கு மேல். 90 என்றால் 700க்கும் மேல். உங்கள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, அது வந்தவருக்குப் பயன்பட்டதா, உங்கள் லாட்ஜ் எங்கே இருக்கிறது, இதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை.

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பேரருவிக்கு வருகிறார் என்று வையுங்கள். அருவியை எட்டிப் பார்க்காமல், வேன் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளை மட்டும் எண்ணி, ‘இன்னைக்குத் தலை நனைக்க எவ்வளவு நேரம் ஆகும்’ என்று கணக்குப் போடுகிறார். உத்தேசமாக ஏதோ தெரியும். ஆனால் தண்ணீர் எவ்வளவு விழுகிறது, வரிசை நகர்கிறதா, பெண்கள் பக்கம் இடம் இருக்கிறதா, வெள்ளம் என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டார்களா என்பதை வண்டிகள் சொல்லாது. கீவேர்டு டிஃபிகல்ட்டி வேன் ஸ்டாண்டுக் கணக்கு. நீங்கள் அதை அருவியின் கணக்கு என்று நினைத்துப் பணம் கட்டுகிறீர்கள்.

மாமா விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. ‘குற்றாலம் ஹோட்டல்’ என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். மேக்மைட்ரிப், புக்கிங்.காம், அகோடா, ட்ரிப்அட்வைசர் என்று பெரிய தளங்கள் வந்து நிற்கும். அவற்றில் குற்றாலத்துக்கென்று இருக்கும் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் யார் மெனக்கெட்டு லிங்க் கொடுப்பார்கள்? அநேகமாக யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்துக்கு வரும் லிங்க்கை மட்டும் எண்ணுகிற கருவி ‘லிங்க் இல்லை, எளிது’ என்று பச்சை காட்டும். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் லட்சக்கணக்கான பக்கங்களும் பல வருடப் பெயரும் நிற்பது அந்தக் கணக்கில் சேராது. மோஸ் போன்ற கருவி பக்கத்தின் பலத்தோடு தளத்தின் மொத்த பலத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் அதே சொல்லுக்கு உயர்ந்த எண்ணைச் சொல்லக்கூடும். மாமாவுக்கு 6 என்று சொன்ன சொல்லை நான் இன்னொரு கருவியில் போட்டபோது முப்பதைத் தாண்டியது. இரண்டும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு பொருளை எடைபோட்டிருக்கின்றன. விற்க வருகிறவர் எந்தக் கருவியில் பச்சை வருகிறதோ அந்தத் தாளைத்தான் எடுத்துவருவார். நானும் அப்படித்தான் செய்தேன்.

இன்னொரு ஏமாற்றையும் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தே செய்வது. கூகுளின் கீவேர்டு பிளானரில் ‘காம்பெட்டிஷன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று காட்டும். அது அந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் காசு கொடுத்து விளம்பரம் போட முந்துகிறார்கள் என்பதைச் சொல்வது. விளம்பரமில்லாமல் மேலே வருவது எளிதா கடினமா என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அதையே டிஃபிகல்ட்டி என்று பெயர் மாற்றித் தாளில் ஒட்டித் தந்திருப்பதை நம் ஊரிலேயே பார்த்தேன். ‘கூகுளே சொல்லுது சார்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கட்டத்தைத்தான் காட்டுகிறாரா என்று கேளுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் ‘மாதத் தேடல்’ என்று இன்னொன்று இருக்கும். அது பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்தின் சராசரி. நம் ஊருக்குச் சராசரி என்று ஒன்று உண்டா, அண்ணாச்சி? தென்மேற்குப் பருவமழையோடு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு கூட்டம், கார்த்திகை பிறந்தால் ஐயப்பமாருடைய கூட்டம், மாசி பங்குனியில் பாறைதான். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலக்கி பன்னிரண்டால் வகுத்தால் வருகிற எண் எந்த மாதத்துக்கும் பொருந்தாது. கூகுள் ட்ரெண்ட்ஸ் இலவசம். அதில் ஊர்ப் பெயரைப் போட்டால் ஏற்ற இறக்கம் மலைபோல் தெரியும். இதைக்கூடக் காட்டாத ஆளிடம் பணம் தராதீர்கள்.

ஊர்ப் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வழக்கப்படி ‘சி’ போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. அதில் ‘எல்’ ஒன்றா இரண்டா என்பதில் இரண்டு கட்சி. நம் வாய்க்கு வருகிறபடி ‘கே’ போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. அதில் ‘ஆர்’ சேர்ப்பவர், சேர்க்காதவர், ‘டி’யை இரட்டிப்பவர். எல்லாம் ஒரே ஊர்தான் என்று கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. கருவிகளோ ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாக வைத்து, தனித்தனி எண் போடுகின்றன. தாளில் வரி கூடுவதற்கு இது வசதி. உங்களிடம் காட்டிய ஐம்பது கீவேர்டில் இருபது ஒரே சொல்லின் எழுத்து வேறுபாடாக இருக்கும். எண்ணிப் பாருங்கள்.

தமிழில் தேடுகிறவர்களின் கதை இதைவிட மோசம். தமிழ்ச் சொற்களைக் கருவியில் போட்டால் மாதத் தேடல் பெரும்பாலும் 0 என்று வரும், இல்லையென்றால் தகவல் இல்லை என்று வரும். ‘தமிழ்ல யாரும் தேடுறதில்ல’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். 0 என்றால் கருவிக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதற்கு முன் யாருமே கேட்டிராதவை என்று கூகுள் பல வருடமாகச் சொல்லிவருகிறது. கேட்டிராத கேள்விக்கு எந்தக் கருவி எண் போட முடியும்?

மாமாவின் வெப்சைட்டை கூகுள் சர்ச் கன்சோலில் சேர்த்தேன். காசில்லாமல் கூகுளே தருவது அது. உங்கள் தளம் எந்தெந்தச் சொற்களுக்குக் கண்ணில் பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று பதினாறு மாதத்துக்குக் காட்டும். சில வாரத்தில் அதில் வந்த வரிகளை மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஐந்தருவி பக்கம் சமைக்க வசதி உள்ள வீடு. வேன் நிறுத்த இடம் உள்ள லாட்ஜ். தென்காசியில் காலையிலேயே ரூம் கிடைக்குமா. மாலை போட்டவர்கள் தங்க இடம். மாமா சொன்னார், ‘இதெல்லாம் முப்பது வருசமா போன்ல கேக்கதுதானே!’

ஆமாம், அதேதான். பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் இறங்குகிறவர் பகல் பன்னிரண்டு மணிவரை குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவார் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று குடும்பம் ஒரே வேனில் வந்தால் ஸ்டவ்வும் அரிசியும் கொண்டுவருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிறுவனத்தின் தாளில் இந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லை. மாமா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அடுப்பு எத்தனை, பாத்திரம் உண்டா, அசைவம் சமைக்கலாமா, காய்கறி எங்கே வாங்கலாம், எத்தனை அடி வேன் உள்ளே திரும்பும், எல்லாம் அவர் பேசிய மாதிரியே. அடுத்த சீசனில் போன் வந்தது. ‘சமைக்க இடம் இருக்குன்னு போட்டிருந்தீங்களே, பெரிய அடுப்பா?’ என்று ஒரு அம்மா கேட்டார். மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

கூகுள் மேப்பில் வருவதற்கும் தாளில் உள்ள அந்த டிஃபிகல்ட்டி எண்ணுக்கும் தொடர்பே இல்லை. செல்போனில் ‘பக்கத்தில் லாட்ஜ்’ என்று தேடினால் மேப்போடு வருகிற பட்டியலுக்கு மூன்று விஷயத்தைப் பார்ப்பதாக கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது: கேட்டதற்கு நீங்கள் பொருந்துகிறீர்களா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், எந்த அளவுக்கு அறியப்பட்டவர்கள். குற்றாலத்தில் நிற்பவருக்குக் குற்றாலத்து லாட்ஜ்தான் பக்கம். எந்தப் பெரிய தளத்தாலும் இந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. ஆனால் உங்களில் எத்தனை பேர் மேப்பில் சரியான போன் நம்பரைப் போட்டிருக்கிறீர்கள்? பழைய குற்றாலத்தில் இருக்கிற காட்டேஜ் மேப்பில் மேலகரத்தில் இருக்கிறது. ‘தண்ணீர் வரவில்லை’ என்று ஒருவர் எழுதிவிட்டுப் போன குறைக்கு மூன்று வருடமாகப் பதில் இல்லை. இதைத் திருத்த ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் பச்சை எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பிரானூர் பார்டர் பரோட்டாவை நினைத்துப் பாருங்கள். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது, பிரானூர் எல்லையாக இருந்தது. அந்த எல்லையே பெயராகிவிட்டது. அந்தச் சொல்லை யாரும் கருவியில் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. சாப்பிட்டவர்கள் சொல்லிச் சொல்லி வந்த பெயர். இன்று சென்னையில் கிளம்பும்போதே அதைச் சொல்லித் தேடுகிறார்கள். உங்கள் கடையின் பெயரையே ஒருவர் அடித்துத் தேடும்போது எந்த டிஃபிகல்ட்டியும் குறுக்கே வராது.

‘நமக்கு கம்ப்யூட்டர் வராது’ என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011இலிருந்து ஜோஹோ இருக்கிறது. உலகம் முழுக்க நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தும் ‘ஜோஹோ டெஸ்க்’ மென்பொருள் அங்கே நம் பிள்ளைகள் கையில் உருவானது. உங்கள் தெருவில் ஒரு பிள்ளையாவது இந்தத் துறையில் இருக்கும். மருமகளுக்குச் சிரமம் என்று என் மாமா நினைத்ததுபோல் நினைக்காமல், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டுங்கள். எந்தக் கருவியின் எண் இது, அந்தக் கருவி எதை எண்ணுகிறது, முதல் பக்கத்தில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்று விற்க வந்தவரையே உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் தளத்துக்கென்று தனியாகக் கணக்கிட்ட எண்ணைச் செம்ரஷ் இப்போது தருகிறது. அதையாவது எடுத்தீர்களா என்று கேளுங்கள். ‘முதல் இடம் கேரண்டி’ என்று சொன்னால் எழுந்து நின்று வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். முதல் இடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

நான் கடைசியாகக் கேட்பது இதைவிடப் பெரியது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்ததே, 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதே, அந்த நாளிலிருந்து வெளியூர்க்காரர்கள் கிளம்பும் முன் கேட்கிற முதல் கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா, பிள்ளைகளைக் கூட்டிவரலாமா. இந்தக் கேள்விக்கு எந்தத் தாளிலும் எண் இல்லை. பதில் காலையில் எழுந்து வாசலைத் தாண்டினால் தெரியும், உங்களுக்கு மட்டும். ஆனால் உங்கள் வெப்சைட்டுகளில் வருடம் பூராவும் ஒரே படம், வெள்ளி உருக்கி ஊற்றியதுபோல் பேரருவி. பாறை காய்ந்து கிடக்கும்போதும் ‘சீசன் களைகட்டுகிறது’ என்று எழுதியிருக்கிறது. அதை நம்பி மதுரையிலிருந்து கைக்குழந்தையோடு வந்து, ஒழுகுகிற நூல் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிப்போன குடும்பங்களை நான் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடுத்த வருடம் வரமாட்டார்கள். மற்றவர்களையும் வரவிடமாட்டார்கள்.

நீங்கள் சேர்ந்து ஒன்று செய்ய வேண்டும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, இந்த நான்குக்கும் தினமும் காலையில் ஒரு வரி, தேதி போட்டு, தமிழில். தண்ணீர் இல்லை என்றால் இல்லை என்று. தடை என்றால் தடை என்று. ஐந்தருவி ரோட்டில் இருப்பவர் ஐந்தருவியைச் சொல்லட்டும், பழைய குற்றாலத்தில் இருப்பவர் அதைச் சொல்லட்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து சுட்டிக்காட்டுங்கள். செருப்புக்கடைத் தளத்திலிருந்து வாங்கிய லிங்க் அல்ல அது. பக்கத்து லாட்ஜ்காரர் சொன்னது உண்மை என்பதற்கான சாட்சி.

வைகாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இலஞ்சியில் உட்காருவோம். லேப்டாப்பும் என் வேலையும் நான் கொண்டுவருகிறேன், பணம் வேண்டாம். நீங்கள் ஆளுக்கொரு நோட்டு கொண்டுவாருங்கள். போன சீசனில் போனிலும் நேரிலும் உங்களிடம் கேட்ட கேள்விகளை, கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே, அதில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
இலஞ்சியிலிருந்து உங்கள் ஊர்ப் பெண்